சொத்துடைமைத் துறை: கடனில் தொடங்குவதா, தொழிலில் தொடங்குவதா?

2025 ஜனவரி 7-ஆம் நாள் ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் ஆர்.டி.எஸ். ரயில் பாதை, ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரை ஏற்றிச் செல்லும் அளவுக்கு வடிவமைக்கப்பட்டுள்ளது. அதே ஆண்டு ஜூலையில் பேங்க் நெகாரா, ஓ.பி.ஆர். எனப்படும் அடிப்படை வட்டி விகிதத்தை 3.00 விழுக்காட்டிலிருந்து 2.75 விழுக்காடாகக் குறைத்தது.

வீடு விற்பவர்களுக்கு இந்த மூன்று செய்திகளும் நல்ல விளம்பரப் பொருள். 'இப்போது வாங்காவிட்டால் எப்போது?', 'முன்பணம் இல்லாமல் முதல் வீடு', '25 வயதுக்குள் மூன்று வீடு' என்று டிக்டாக்கிலும் முகநூலிலும் அழைப்புகள் குவிகின்றன. எஸ்.பி.எம். முடித்தவர்களும் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களும் இவற்றைப் பார்த்துவிட்டு, சொத்துடைமைத் துறையில் நாமும் இறங்கலாமா என்று கேட்கிறார்கள்.

தாராளமாக இறங்கலாம். மலேசியாவில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் 4 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமான சொத்துப் பரிமாற்றங்கள் நடந்தன. அவற்றின் மதிப்பு 23,200 கோடி வெள்ளிக்கும் மேல். இவ்வளவு பெரிய துறையில் நம் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. ஆனால், இத்துறைக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, கடன் வாங்கி வீட்டுக்கு உரிமையாளராக நுழைவது. மற்றொன்று, தொழிலைக் கற்று ஊழியராக, முகவராக, நிபுணராக நுழைவது. விளம்பரங்கள் முதல் வாசலை மட்டுமே காட்டுகின்றன. கையில் பணமும் அனுபவமும் இல்லாத இளைஞருக்கு எந்த வாசல் பொருந்தும் என்பதை உணர்ச்சிவசப்படாமல் எண்களை வைத்துப் பார்ப்போம்.

விற்காத வீடுகள் சொல்லும் பாடம்

நிதியமைச்சின் கீழுள்ள மதிப்பீடு, சொத்துச் சேவைத் துறையின் ஓர் அங்கம் 'நாப்பிக்' எனும் தேசிய சொத்துத் தகவல் மையம். கட்டி முடித்துத் தகுதிச் சான்றிதழ் பெற்ற பின்பும், விற்பனைக்கு வந்து 9 மாதங்களுக்கு மேல் விலைபோகாமல் கிடக்கும் வீடுகளை அது தேக்கநிலை வீடுகள் என்று கணக்கிடுகிறது. 2021 இறுதியில் நாட்டில் அப்படி 36,800-க்கும் மேற்பட்ட வீடுகள் இருந்தன. 2024 இறுதியில் அது சுமார் 23,100-ஆகக் குறைந்தது. குறைந்தபோதும் அவற்றின் மதிப்பு சுமார் 1,394 கோடி வெள்ளி.

ஒரு பக்கம் வீடில்லாமல் வாடகைக்கு அலையும் குடும்பங்கள்; மறுபக்கம் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள். இந்த முரண்பாட்டுக்கு என்ன காரணம்?

விலைக்கும் வருமானத்துக்கும் உள்ள இடைவெளியே முதற்காரணம். ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப்போல் 3 மடங்குக்குள் வீட்டு விலை இருந்தால் அது கட்டுப்படியாகும் விலை என்பது அனைத்துலக அளவில் பயன்படும் ஓர் அளவுகோல். மலேசியாவில் அது 4.4 மடங்காக இருப்பதை 2014-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரங்களைக் கொண்டு கசானா ஆய்வுக் கழகம் எடுத்துக்காட்டியது. 2022-இல் நாட்டின் இடைநிலைக் குடும்ப வருமானம் மாதம் 6,338 வெள்ளி. ஆண்டுக்கு 76,056 வெள்ளி. மூன்றால் பெருக்கினால் சுமார் 2 லட்சத்து 28 ஆயிரம் வெள்ளி. நாட்டின் நடுத்தரக் குடும்பம் சிரமமின்றித் தாங்கக்கூடிய விலை இவ்வளவுதான். உங்கள் வட்டாரத்தில் புதிதாக எழும் அடுக்குமாடி வீட்டின் விலைப் பட்டியலை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விற்காத வீடு ஏன் விற்கவில்லை என்பது ஓரளவு புரிந்துவிடும்.

விலை மட்டுமே காரணமல்ல. இடம், பேருந்து வசதி, வேலை வாய்ப்பு, யாருக்காகக் கட்டுகிறோம் என்ற தெளிவு ஆகியவையும் சேர்ந்தே ஒரு திட்டத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன. ஜொகூரின் ஃபாரஸ்ட் சிட்டியை நினைத்துப் பாருங்கள். கடலைத் தூர்த்து உருவாக்கும் நான்கு தீவுகளில் 7 லட்சம் பேர் வாழ்வார்கள் என்று திட்டமிடப்பட்ட நகரம் அது. சீன நாட்டு வாங்குநர்களைப் பெரிதும் நம்பிய அத்திட்டம், சீனா தன் மக்கள் வெளிநாட்டுக்குப் பணம் கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்தியதும் தடுமாறியது. கொரோனா காலம் மேலும் ஓர் அடி கொடுத்தது. அதன் பின்னணியில் இருந்த கண்ட்ரி கார்டன் நிறுவனம் 2023-இல் தன் வெளிநாட்டுக் கடனைக் கட்டத் தவறியது. உலகின் பெரிய வீடமைப்பு நிறுவனங்களில் ஒன்றே வாங்குபவர் யார் என்ற கணக்கில் சறுக்கியது என்றால், இரண்டு நாள் கருத்தரங்கில் கலந்துகொண்ட 22 வயது இளைஞர் சறுக்குவதற்கு எவ்வளவு நேரமாகும்?

லாபம் கடைசி 17 வீடுகளில்

மேம்பாட்டாளர் என்றாலே கொள்ளை லாபம் பார்ப்பவர் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. ஒரு கற்பனைத் திட்டத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

100 வீடுகள். ஒவ்வொன்றும் 4 லட்சம் வெள்ளி. எல்லாம் விற்றால் 4 கோடி வெள்ளி வருமானம். கட்டுமானச் செலவு 2 கோடி. நிலத்தின் விலை 60 லட்சம். கட்டடக் கலைஞர், பொறியியலாளர் கட்டணம், நில மாற்றக் கட்டணம், தண்ணீர், மின்சார இணைப்புகளுக்கான பங்களிப்பு, விளம்பரம், வங்கி வட்டி எல்லாம் சேர்ந்து 70 லட்சம். மொத்தச் செலவு 3 கோடியே 30 லட்சம். மீதி 70 லட்சம் லாபம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது இதையே வேறு விதமாகப் பாருங்கள். செலவுத் தொகையான 3 கோடியே 30 லட்சத்தை மீட்க 83 வீடுகள் விற்க வேண்டும். அதாவது, முதல் 83 வீடுகளும் செலவுக்கே சரி. லாபம் முழுவதும் கடைசி 17 வீடுகளில்தான் ஒளிந்திருக்கிறது. அந்த 17 வீடுகள் தேங்கிவிட்டால் மூன்று நான்கு ஆண்டு உழைப்புக்குக் கையில் எதுவும் நிற்காது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீடுகள் விற்காமல் நின்றால், அவற்றைப் பொது விற்பனைக்கு விடுவிக்க மாநில அரசின் அனுமதி கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

தேக்கநிலை வீடுகளின் எண்ணிக்கையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிப்பவருக்கே அதன் பொருள் விளங்கும். இந்தத் துறையில் பணம் பார்ப்பவர்கள், எந்த வீடு ஏன் விற்கும், எது ஏன் விற்காது என்பதை முன்கூட்டியே கணிக்கத் தெரிந்தவர்கள். அந்த அறிவு கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவுடன் வந்துவிடாது.

வாடகை கடனைக் கட்டிவிடுமா?

'நீங்கள் வாங்குங்கள், வாடகைக்காரர் கடனைக் கட்டிவிடுவார்' என்பது விற்பனையாளர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம். அதே 4 லட்சம் வெள்ளி வீட்டை நீங்கள் வாங்குவதாக வைத்துக்கொள்வோம்.

10 விழுக்காடு முன்பணம் 40,000 வெள்ளி. மீதி 3 லட்சத்து 60 ஆயிரத்தை 4 விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுக் கடனாக எடுக்கிறீர்கள். மாதத் தவணை ஏறக்குறைய 1,594 வெள்ளி. வாடகை மாதம் 1,600 கிடைக்கிறது. தவணையும் வாடகையும் சரியாகப் பொருந்துவதுபோல் தெரிகிறது.

ஆனால் அடுக்குமாடி வீட்டுக்குப் பராமரிப்புக் கட்டணமும் சேமிப்பு நிதியும் உண்டு. மாதம் 300 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 3,600. மதிப்பீட்டு வரி, நிலவரி, காப்புறுதி ஆகியவை ஆண்டுக்கு 1,200 என்று கொள்வோம். ஒரு வாடகைக்காரர் போய் இன்னொருவர் வரும் இடைவெளியில் ஆண்டுக்கு ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும். ஆக, வரவு 17,600 வெள்ளி. செலவு 23,928 வெள்ளி. ஆண்டுக்கு 6,328 வெள்ளியை உங்கள் சட்டைப் பையிலிருந்து போட வேண்டும். குளிரூட்டி பழுதானால், வாடகைக்காரர் மூன்று மாதம் பாக்கி வைத்துவிட்டுப் போனால், அது தனிக்கணக்கு.

நியாயமாகப் பார்த்தால், நீங்கள் கட்டும் தவணையில் முதல் ஆண்டில் சுமார் 4,800 வெள்ளி அசலைக் குறைக்கிறது. ஆகவே அந்த 6,328 வெள்ளியும் முழு நஷ்டம் என்று சொல்ல முடியாது. நிலையான சம்பளமும் சேமிப்பும் உள்ள ஒருவர் இதைத் தாங்கிக்கொண்டு காத்திருக்கலாம். முதல் வேலையில் 2,500 வெள்ளி வாங்கும் ஒருவருக்கு மாதம் 500 வெள்ளிக்கு மேல் கூடுதலாக வெளியேறுவது கழுத்தை நெரிக்கும். விற்றுவிட்டுத் தப்பிக்கலாம் என்றால், மலேசியக் குடிமக்களும் முதல் 3 ஆண்டுகளுக்குள் விற்றால் கிடைக்கும் ஆதாயத்தில் 30 விழுக்காட்டைச் சொத்து ஆதாய வரியாகக் கட்ட வேண்டும். 4-ஆம் ஆண்டில் 20, 5-ஆம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டிலிருந்துதான் வரி இல்லை. மூன்றாவது வீட்டுக் கடனிலிருந்து விலையில் 70 விழுக்காட்டுக்கு மேல் கடன் தரக்கூடாது என்பது 2010 நவம்பரிலிருந்து பேங்க் நெகாரா விதித்துள்ள வரம்பு. '25 வயதுக்குள் மூன்று வீடு' என்பவர்கள் இந்த வரம்பைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அப்படியானால் 'முன்பணம் இல்லாமல்' என்பது எப்படி நடக்கிறது? பல வேளைகளில் இப்படித்தான்: 4 லட்சம் வெள்ளி வீட்டை ஒப்பந்தத்தில் 4 லட்சத்து 50 ஆயிரம் என்று எழுதுவார்கள். அதில் 90 விழுக்காடு 4 லட்சத்து 5 ஆயிரம். வீட்டின் உண்மை விலையைவிட அதிகமாகவே கடன் கிடைத்துவிடுகிறது. கையில் 5,000 வெள்ளி மிச்சம் வேறு. வங்கியிடம் பொய்யான விலையைக் காட்டிப் பெற்ற கடன் இது. ஏற்பாடு செய்தவர் கட்டணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒப்பந்தத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. தவணை தவறினால் வீடு ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் கிடைத்தது கடனுக்குப் போதாவிட்டால் மீதியும் உங்கள் தலையில்தான். கடன் 1 லட்சம் வெள்ளியை எட்டினால் உங்களைத் திவாலானவர் என்று அறிவிக்கக் கோரி வழக்குத் தொடுக்க முடியும். திவாலானவர் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேற முடியாது. நிறுவன இயக்குநராகவும் இருக்க முடியாது. தொழில் தொடங்க வேண்டிய வயதில் தொழில் செய்யும் உரிமையையே இழக்கும் நிலை அது.

தொழில் வாசல்கள்

இனி இரண்டாவது வாசலுக்கு வருவோம். சொத்துடைமைத் துறை என்பது ஒரே வேலை அல்ல. ஒரு வீடு நிலமாக இருக்கும் நாளிலிருந்து, அதில் குடியேறியவர் பராமரிப்புக் கட்டணம் கட்டும் நாள் வரை, பல தொழில்கள் அதைத் தொட்டுச் செல்கின்றன.

மிக எளிதாக நுழையக்கூடியது சொத்து விற்பனைப் பேச்சாளர் பணி. 'ரென்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 18 வயதும் எஸ்.பி.எம். தகுதியும் இருந்தால், இரண்டு நாள் சான்றிதழ் பயிற்சியை முடித்து, பதிவு பெற்ற ஒரு நிறுவனத்தின் கீழ் சேரலாம். இத்துறையை 1981-ஆம் ஆண்டின் மதிப்பீட்டாளர், சொத்து முகவர், சொத்து நிர்வாகிகள் சட்டம் ஆள்கிறது. பதிவு இல்லாமல் தரகு வேலை பார்ப்பவருக்கு 3 லட்சம் வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். 'சும்மா ஓர் ஆளைக் காட்டிவிடு, தரகுப் பணம் தருகிறேன்' என்று யாராவது அழைத்தால், இந்தத் தண்டனையை நினைவில் வையுங்கள்.

ரென் பணியில் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளம் கிடையாது. வீடு விற்றால் கிடைக்கும் கட்டணம் விலையில் அதிகபட்சம் 3 விழுக்காடு. 4 லட்சம் வெள்ளி வீட்டுக்கு 12,000. வாங்குபவரை இன்னொரு நிறுவனம் கொண்டு வந்திருந்தால் அதில் பாதி போய்விடும். மீதி 6,000-இல் உங்கள் நிறுவனத்தின் பங்கு போக மிஞ்சுவதே உங்களுக்கு. அதுவும் வங்கிக் கடன் கிடைத்து, வழக்கறிஞர் வேலைகள் நகர்ந்த பிறகே கைக்கு வரும். ஆகவே குறைந்தது ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது. இதன் பெரிய ஆதாயம் வேறு: ஒரே ஆண்டில் நூறு வீடுகளைப் பார்ப்பீர்கள், நூறு குடும்பங்கள் எதை விரும்புகின்றன, எதை மறுக்கின்றன என்று காதால் கேட்பீர்கள். தேக்கநிலை வீட்டின் காரணத்தை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் வகுப்பறை இல்லை. வாடிக்கையாளரின் வைப்புத் தொகையை ஒருபோதும் உங்கள் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள். அது நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்கே போக வேண்டும்.

மேற்படிப்பை விரும்புவோருக்கு மதிப்பீட்டாளர் தொழில் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், துங்கு அப்துல் ரஹ்மான் நிர்வாக, தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சொத்துடைமைத் துறைப் பட்டப்படிப்புகள் உள்ளன. பட்டத்துக்குப் பின் பயிற்சிக் காலம், தொழில் திறன் தேர்வு, வாரியத்தில் பதிவு என்று வரிசையாகப் படிகள் இருக்கின்றன. நேரம் பிடிக்கும். ஆனால் ஒரு வங்கி கடன் கொடுப்பதற்கு முன்பு, 'இந்தச் சொத்தின் உண்மை மதிப்பு என்ன?' என்று கேட்பது இவரிடம்தான்.

கணக்கில் கெட்டிக்காரர்களுக்குக் கட்டுமான அளவு மதிப்பீட்டாளர் பணி பொருந்தும். எத்தனை டன் இரும்பு, எத்தனை கன மீட்டர் கான்கிரீட், அதற்கு என்ன விலை என்று கட்டும் முன்பே சொல்பவர் அவர். மேலே பார்த்த கணக்கில் அந்த 2 கோடியைக் கணித்துத் தருபவர் இவரே. வரைபடமும் சமூகமும் பிடித்தவர்களுக்கு நகரத் திட்டமிடல். சட்டம் படிப்பவர்களுக்கு நில, வீட்டு ஒப்பந்தப் பணி. வீட்டு ஒப்பந்தச் சட்டம் உலர்ந்த பாடமல்ல. அடுக்குமாடி வீட்டை 36 மாதத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்ட ஒப்பந்தக் காலத்தை 48 மாதமாக நீட்டிக்க வீடமைப்புக் கட்டுப்பாட்டாளருக்கு அதிகாரமில்லை என்று 2019-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தாமதத்துக்கு இழப்பீடு கேட்கும் உரிமை எத்தனையோ வாங்குநர்களுக்குத் தெளிவானது.

பலரும் கவனிக்காத இன்னொரு வாசல் சொத்து நிர்வாகம். 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி ஒவ்வொரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் நிர்வாக அமைப்பு வேண்டும். மின்தூக்கி பழுது, கூரை ஒழுகல், கட்டண பாக்கி, அண்டை வீட்டாரின் சண்டை எல்லாம் அதன் மேசைக்கு வரும். கட்டுமானத்தில் எதைத் தவறாகச் செய்தால் பத்து ஆண்டு கழித்து என்ன ஆகும் என்று பார்க்க விரும்பும் வருங்கால மேம்பாட்டாளருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

மேம்பாட்டாளராவது எப்போது?

நிலத்தைப் படிக்கத் தெரிந்த பிறகு. நமது கூட்டரசு அரசமைப்பின்படி நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகவே ஜொகூரில் பொருந்தும் நடைமுறை பேராக்கில் அப்படியே பொருந்தாது. கிரான் எனப்படும் நில உரிமைப் பத்திரத்தில் நிலம் விவசாயம், கட்டடம், தொழில் ஆகிய மூன்றில் எந்த வகையைச் சேர்ந்தது என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே 'சியாராட் ஞாத்தா' என்ற வெளிப்படை நிபந்தனையும், 'செக்காத்தான் கெப்பெந்திங்ஙான்' என்ற உரிமைக் கட்டுப்பாடும் இருக்கும். மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிய விவசாய நிலத்தில் வீடு கட்ட நில வகையை மாற்ற வேண்டும். அதற்கு மாநில அரசுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். ஊராட்சி மன்றத்தின் திட்டமிடல் அனுமதியும் வேண்டும். இந்த மூன்று வரிகளைப் படிக்காமல் பணத்தை முடக்கியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

நான்கு வீடுகளுக்கு மேல் கட்டி விற்பவர் 1966-ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற வேண்டும். கட்டுமானச் செலவில் 3 விழுக்காட்டை வைப்புத் தொகையாகச் செலுத்த வேண்டும். வாங்குநர்களின் பணம் தனி வீடமைப்புக் கணக்கில் இருக்கும்; அதை அந்தத் திட்டத்துக்கு மட்டுமே எடுக்க முடியும். இவையெல்லாம் மேம்பாட்டாளரைத் தொல்லைப்படுத்தும் விதிகள் அல்ல. 10 விழுக்காடு கட்டிவிட்டு, வெறும் மண்ணைப் பார்த்து நம்பிக்கையோடு காத்திருக்கும் குடும்பத்துக்கான பாதுகாப்பு.

அந்தக் குடும்பம் யார் என்பதை மறக்காமல் இருப்பவரே இத்துறையில் நிலைப்பார். 2025 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்த நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 30 ஆண்டுக்கு உட்பட்ட கட்டடமானால் உரிமையாளர்களில் 80 விழுக்காட்டினர், அதற்கு மேற்பட்டதானால் 75 விழுக்காட்டினர், கைவிடப்பட்டதானால் 51 விழுக்காட்டினர் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்பது அதன் முன்மொழிவு. ஒழுகும் பழைய அடுக்குமாடியில் வாழ்பவருக்குப் புது வீடு கிடைக்கும் என்கிறது ஒரு தரப்பு. சம்மதிக்காத 20, 25 விழுக்காட்டினரின் உரிமை என்னாகும் என்று கேட்கிறது மறுதரப்பு. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளானபோது லயத்து வீடுகளை விட்டு வெளியேறிய வரலாறு நமக்கு உண்டு. எனவே இக்கேள்வியின் இரு பக்கமும் நம் மாணவர்களுக்குப் புரியும். புரிந்தவர்கள் அந்த மேசையில் திட்டமிடுநராகவும் மதிப்பீட்டாளராகவும் வழக்கறிஞராகவும் அமர்ந்திருப்பது சமூகத்துக்கு நல்லது.

நூறு வெள்ளியில் முதலீடு

அதுவரை முதலீடே கூடாதா என்றால், அப்படியில்லை. புர்சா மலேசியாவில் 'ரீட்' எனும் சொத்து முதலீட்டு அறநிதிகள் பட்டியலிடப்பட்டுள்ளன. பலரின் பணத்தைத் திரட்டி அங்காடிகள், கிடங்குகள், மருத்துவமனைகள் ஆகியவற்றை வாங்கி, வரும் வாடகையைப் பங்கிட்டுத் தருவது இதன் ஏற்பாடு. 2005-இல் பட்டியலிடப்பட்ட எக்சிஸ் ரீட் மலேசியாவின் முதல் ரீட். நீங்கள் படம் பார்க்கப் போகும் மிட் வேலி மெகாமால், ஐ.ஜி.பி. ரீட்டின் சொத்துகளில் ஒன்று. வருமானத்தில் குறைந்தது 90 விழுக்காட்டைப் பங்கிட்டால் அறநிதிக்கு வருமான வரி விலக்கு என்பதால், பெரும்பகுதி முதலீட்டாளரிடமே வந்து சேர்கிறது. 100 யூனிட் கொண்ட ஒரு தொகுதியை நூறு, இருநூறு வெள்ளியிலேயே வாங்கக்கூடிய ரீட்டுகள் உண்டு. விலை இறங்கவும் செய்யும். ஆனால் போட்ட பணத்துக்கு மேல் கடன்காரராக மாட்டீர்கள்.

இதில் கிடைக்கும் லாபத்தைவிடப் பெரியது, இலவசமாகக் கிடைக்கும் பாடம். ஒவ்வொரு ரீட்டும் ஆண்டறிக்கை வெளியிடுகிறது. எத்தனை விழுக்காட்டு இடம் வாடகைக்குப் போயிருக்கிறது, எந்த ஆண்டில் எத்தனை ஒப்பந்தங்கள் முடிகின்றன, சொத்து மதிப்பில் எவ்வளவு கடன் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஓர் ஆண்டறிக்கையை முழுமையாகப் படித்து முடித்த மாணவர், கருத்தரங்கு மேடையில் பேசுபவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அறிந்திருப்பார்.

பத்து வெள்ளி முன்னோடிகள்

பலர் கூடிச் சொத்து வாங்குவது நமக்குப் புதிதல்ல. விடுதலைக்குப் பிந்திய ஆண்டுகளில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் ரப்பர் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றார்கள். தொழிலாளர் குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தன. அந்தச் சூழலில் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டினார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அதன் கைக்கு வந்தது. பால் மரம் சீவியவர்கள் அந்த மரம் நின்ற நிலத்துக்கே பங்காளிகள் ஆனார்கள். கோலாலம்பூரில் இன்றும் நிற்கும் விஸ்மா துன் சம்பந்தன் அந்தச் சேமிப்பின் தொடர்ச்சிதான்.

அவர்கள் யாரும் தகுதிக்கு மீறிய கடனில் தொடங்கவில்லை. தங்களுக்கு நன்கு தெரிந்த நிலத்தை, தங்களால் முடிந்த தொகையைக் கொண்டு, கூட்டாக வாங்கினார்கள். இன்றைய இளைஞர் கற்க வேண்டிய மூன்றும் அதில் அடங்கியிருக்கின்றன.

இந்த ஆண்டே செய்யக்கூடியவை

படித்துக்கொண்டிருக்கும்போதே தொடங்கலாம். நாப்பிக் இணையத்தளத்தில் உங்கள் மாவட்டத்தின் விற்பனை விவரங்களையும் தேக்கநிலை வீடுகளையும் பாருங்கள். வீட்டிலுள்ள கிரானை அல்லது விற்பனை ஒப்பந்தத்தைப் பெற்றோரிடம் கேட்டு வாங்கி, வரி வரியாகப் படியுங்கள். நிலவரி ரசீதுக்கும் மதிப்பீட்டு வரி ரசீதுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுக்குமாடியில் குடியிருந்தால், குடியிருப்பாளர் ஆண்டுக் கூட்டத்துக்குப் பெற்றோருடன் சென்று பின்வரிசையில் அமர்ந்து கேளுங்கள். விடுமுறையில் மதிப்பீட்டு நிறுவனம், மேம்பாட்டு நிறுவனம், கட்டுமானத் தளம் என்று எங்கே இடம் கிடைத்தாலும் பயிற்சிக்குச் சேருங்கள். கட்டுமானத் தளத்தில் வேலை செய்யச் சி.ஐ.டி.பி. பச்சை அட்டை தேவை. அதற்கான பயிற்சியை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

யாராவது உங்களை ஒரு வீட்டுத் திட்டத்தில் முதலீடு செய்ய அழைத்தால், நான்கு கேள்விகளைக் கேளுங்கள். மேம்பாட்டாளரின் உரிம எண் என்ன? இந்த வட்டாரத்தில் இதே அளவு வீட்டுக்கு இன்று கிடைக்கும் வாடகை என்ன? பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு? ஒப்பந்தத்தில் எழுதப்படும் விலைதான் நான் உண்மையில் கொடுக்கும் விலையா? நேரடியாகப் பதில் சொல்பவரோடு பேச்சைத் தொடரலாம். மழுப்புபவரிடம் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

நிலம் எங்கும் ஓடிப்போகாது. இந்த ஆண்டு வாங்காத வீட்டைப்போல் இன்னொரு வீடு ஐந்து ஆண்டு கழித்தும் விற்பனைக்கு இருக்கும். அதை வாங்கும் நாளில், விலையைச் சரிபார்க்கவும் பத்திரத்தைப் படிக்கவும் தெரிந்தவராக நீங்கள் இருக்க வேண்டும். இந்த ஐந்து ஆண்டுகளை அதற்காகச் செலவிடுங்கள்.